பரிதி அம்மாவை நிறுத்திய வாசல்

நெல்லையும் உளுந்தையும் தவிர வேறெதையும் தரையில் விரித்துப் பழகாத ஊரில் ஒருவன் கார்ப்பெட் கழுவும் தொழிலைத் தொடங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? திருத்துறைப்பூண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். தோஹாவில் பெரிய ஓட்டல் ஒன்றில் பல வருடம் கார்ப்பெட் சுத்தம் செய்துவிட்டு ஊர் திரும்பிய பரிதி, பழைய ஆம்னி வண்டியிலிருந்து தன் மெஷினை இறக்கியபோது, இதை வைத்து வயலையா கழுவப் போகிறாய் என்று டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. பரிதி கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டவர் கையிலேயே ஒரு விசிட்டிங் கார்டைத் திணித்துவிட்டு வந்தான்.

சிரித்தவர்கள் வாய் சீக்கிரமே மூடிக்கொண்டது. கல்யாண மண்டபங்களில் வாசலிலிருந்து மேடை வரை சிவப்புக் கார்ப்பெட் போட ஆரம்பித்திருந்தார்கள். அதில் பாயசம் கொட்டாத முகூர்த்தம் உண்டா என்ன? வேளாங்கண்ணி லாட்ஜுகள், முத்துப்பேட்டைப் பள்ளிவாசல், தஞ்சாவூர் டாக்டர் வீடுகள் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. 'கார்ப்பெட் பரிதி' என்றால் மன்னார்குடி வரைக்கும் தெரியும்.

அந்த மெஷினைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. அதன் அகலமான தலை தரையோடு தரையாகப் படிந்து சுழலும். சுழன்றுகொண்டே சுடுநீரை இழைகளுக்குள் பீய்ச்சும், பீய்ச்சிய சூட்டோடு அழுக்கையும் நீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கழுவி முடித்தபின் தண்ணீரை அடைத்துவிட்டு வெறுமனே இன்னொரு சுற்று உறிஞ்ச வேண்டும். அதற்கப்புறமும் ஈரம் இருக்கத்தான் செய்யும். அந்த ஈரத்தில் மிதித்தால், கழுவியதும் வீண், கழுவியவன் பேரும் கெட்டது. அதனால் தோஹாவில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே ஆளை நிறுத்துவதுதான். எவ்வளவு பெரிய ஆளானாலும் நிறுத்து என்பார்கள். போயே தீரவேண்டியவர்களுக்குக் காலில் மாட்டிக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறை கொடுப்பார்கள். பரிதியின் பையிலும் அந்த உறைகள் எப்போதும் இருக்கும்.

இனி அவன் அம்மா நீலாம்பாளைச் சொல்ல வேண்டும். வாழ்நாளில் பாதியை அவள் பண்ணையார் வைத்தியலிங்கத்தின் வயலில் குனிந்தே கழித்தவள். நாற்றுப் பறித்தாள், நட்டாள், களையெடுத்தாள். வயல் வேலை இல்லாத நாளில் அவர் வீட்டுக் கொல்லையில் நெல் அவித்தாள். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வருவாள், அதே வழியாகத் திரும்பிப் போவாள். அவள் அவித்துக் காயவைத்த நெல் கூடத்துக்குள் போனது. அவள் போனதில்லை. யாரும் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. தள்ள வேண்டிய அவசியமே வராதபடி அவரவருக்கு அவரவர் இடம் தெரிந்திருந்தது, அதுதான் அக்கிரமம்.

வைத்தியலிங்கம் போய்ச் சேர்ந்தபின் வீடு மருமகள் மாலதியின் பொறுப்புக்கு வந்தது. மாலதி தங்கமான மனுஷி, அதையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்த கணவர் ஆசைப்பட்டதால் அந்தப் பழைய கூடத்துக்கு ஏசி மாட்டி, சுவருக்குச் சுவர் சந்தன நிறத்தில் கார்ப்பெட் போட்டிருந்தார்கள். மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. முதல்நாள் வந்து சுத்தம் செய்துதர முடியுமா என்று பரிதிக்குப் போன் வந்தது.

சாப்பிட்டுக்கொண்டே அவன் இதைச் சொன்னபோது நீலாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் வரேன் தம்பி. அந்தக் கூடம் உள்ள எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும்."

மகன் வெளிநாடு போனபோதுகூட இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்காதவள். பரிதிக்குத் தலைகால் புரியவில்லை. அவளை அந்த வீட்டு முன்வாசல் வழியாக, தானே கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டான். பாவி, அது மட்டும் நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்றைக்கு நீலாம்பாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆம்னியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வேலை முடிகிற வரைக்கும் வண்டியிலேயே இரு, நானே வந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பரிதி உள்ளே போனான். கம்பெனி பேர் அச்சடித்த பனியன், காதில் புளூடூத். மாலதியை 'மேடம்' என்றான். அவள் கால் உறை மாட்டிக்கொள்ளப் பக்குவமாகக் குனிந்து எடுத்துக்கொடுத்தான். "ரொம்ப நேக்காப் பண்றீங்க பரிதி" என்று மாலதி சொன்னபோது அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அந்தக் கூடத்தில் தான் ஒரு தொழில்காரன், இன்னாருடைய மகன் இல்லை என்ற நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது.

கடைசிச் சுற்று உறிஞ்சிக்கொண்டிருந்தான். வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன நீலாம்பாள் இறங்கி வாசலுக்கு வந்துவிட்டாள். முந்தின நாள் பெய்த மழையில் முற்றமெல்லாம் சேறு. மாலதிதான் முதலில் பார்த்தாள். யாரென்று தெரிந்ததும், உள்ளே வாங்கம்மா, ஏன் அங்கேயே நிற்கிறீர்கள் என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். நீலாம்பாள் செருப்பைக் கழற்றினாள். படியில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள்.

பரிதி திரும்பிப் பார்த்தான். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் காலைத்தான் பார்த்தான். குதிகால் வெடிப்புகளில் கறுப்பேறிய, சேறு ஒட்டிய கால்.

மெஷின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று கத்தினான். "அங்கயே நில்லு. உள்ள கால் வைக்காத."

கத்தும்போதே அவன் விரல் சுவிட்சை அணைத்துவிட்டது. முதல் பாதி இரைச்சலில் போனது. மறுபாதி நிசப்தமான கூடத்தில் அத்தனை சத்தமாக விழுந்தது.

பரவாயில்லை, வரட்டும் என்றாள் மாலதி. பரிதியோ, "இல்லீங்க மேடம், ஈரமா இருக்கு, கறை பட்டுடும்" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கவேறு செய்தான். தூக்கிய கால் அப்படியே பின்னால் போனது.

கழிவுநீர் டாங்கியைக் கொல்லையில் கொட்டப் போனபோதுதான் தோளில் கிடந்த பை கண்ணில் பட்டது. உள்ளே கால் உறைகள், பிரிக்காமல், கத்தையாக. ஒன்றை எடுத்து அம்மாவின் காலில் மாட்டிவிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொல்லைக் குழாயடியில் நீலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். சந்து வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, அந்த டாங்கியைக் கொடு, கழுவித் தருகிறேன் என்று கையை நீட்டினாள். மாலதி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டு ஆட்கள் குடிக்கும் வெள்ளி டம்ளர். நீலாம்பாள் அதைக் கொல்லையிலேயே நின்று குடித்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் குறைப்படவில்லை, முகம் தூக்கவில்லை. நீ எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறாய் என்று மெச்சினாள். நாலு அறை அறைந்திருக்கலாம். சில நாள் கழித்து அவன் மென்று விழுங்கி, அன்றைக்கு அந்த வீட்டில் என்று ஆரம்பித்தான். "அதுக்கென்ன தம்பி, உன் வேலை அப்படி" என்று அதோடு முடித்துவிட்டாள். அடுத்த வருடம் மாலதி கூப்பிட்டபோது, வாம்மா, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கெஞ்சினான். முழங்கால் வலி என்றாள். அதற்கடுத்த முறையும் முழங்கால் வலிதான்.

இப்போது பரிதி சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு அம்மாவோடும் மனைவி செம்மொழியோடும் இருக்கிறான். வெள்ளை டைல்ஸ் போட்ட கூடம். போன வாரம் ஒருநாள் செம்மொழி தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கடைக்குப் போன நீலாம்பாள் கீரைக்கட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வாங்க அத்தை என்றாள் செம்மொழி. காயட்டும்மா என்றாள் நீலாம்பாள். அத்தைக்கு என்ன இப்படி ஒரு பழக்கம், தரை ஈரமாக இருந்தால் எப்போதும் வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று செம்மொழி அலுத்துக்கொண்டாள்.

பரிதி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். "உன் வீடும்மா இது. வா."

நீலாம்பாள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"வைக்கலாமா தம்பி?" என்றாள்.

குத்திக்காட்டக் கேட்டிருந்தால் அவன் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் நிஜமாகவே கேட்டாள்.