கொசுறுக்காகத் தூக்கிய கை

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் பால்காரர் மாணிக்கவாசகத்தைத் தெரியாதவர்கள் பால் குடிக்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கும்கூட அவர் குரல் தெரிந்திருக்கும். விடிந்ததும் தூக்குவாளியோடு கிளம்புவார். வாசலுக்கு வாசல் நின்று, ஊர் நிலவரம் பேசி, இரண்டு பேரைக் கேலி செய்து, யாராவது ஒருத்தியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவார். பால் விற்கப் போகிறாரா, வாய் பேசப் போகிறாரா என்று அவர் மனைவி கோகிலாவே கேட்பாள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. குவளையால் அளந்து ஊற்றிய பிறகு, வாளியிலிருந்து இன்னும் கொஞ்சம் கொசுறாக ஊற்றுவார். அந்தக் கொசுறு விழும்வரை பெண்கள் பாத்திரத்தை எடுக்க மாட்டார்கள். மனிதர்களையும் அவர் இதை வைத்தேதான் எடை போட்டார். கொசுறு கொடுப்பவன் நல்லவன், கொடுக்காதவன் கஞ்சன். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த பிறகு பாலும் குறைந்தது, பேச்சும் குறைந்தது. அவருடைய நான்கு மாடுகளில் மூன்றை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அரிசி பங்கீட்டில் கொஞ்சமாக வந்தது. மற்ற நேரம் மரவள்ளிக்கிழங்குதான். கோகிலா அப்போது ஆறு மாதக் கர்ப்பம். கிழங்கைத் தட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு பிடி சோறு கூடுதலாகக் கிடைக்க வழி இருக்கிறதா என்பதைத் தவிர அந்த நாட்களில் மாணிக்கவாசகத்துக்கு வேறு யோசனை ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. ஒவ்வொரு தெருவும் தனக்கு ஒரு தலைவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதவிக்கு ஜப்பான்காரன் வைத்த பெயர் குமிச்சோ. அரிசிப் பங்கீடு குமிச்சோவின் கைவழியாகத்தான் வரும் என்று பேச்சு அடிபட்டது. மாணிக்கவாசகத்துக்கு அது போதும். மறுநாளே வாளியோடு சேர்த்து நல்லையாவின் பெயரையும் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார்.

நல்லையா தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். பருப்பு வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, எண்ணெய் வாங்கினால் ஒரு துண்டு வெல்லம் கேட்காமலே வரும். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர் என்று வாசலுக்கு வாசல் புகழ்ந்தார் மாணிக்கவாசகம்.

"தராசுல கல்லைப் போட்டாலும் நம்ம பக்கந்தான் சாயும் அவரு கை. குமிச்சோவா அவரப் போட்டா அரிசியிலயும் கொசுறு நிச்சயம்லா. வேற யாரப் போடப் போறீங்க? தேவதாசையா?"

தையற்காரர் தேவதாஸ் பெயரைச் சொன்னாலே பெண்கள் சிரித்துவிடுவார்கள். ரவிக்கைக்குத் துணி கொடுத்தால், வெட்டி மிஞ்சிய ஒட்டுத்துணியைக்கூடத் திருப்பித் தராதவர் அவர்.

கோவில் முன்னால் கூட்டம் கூடியது. ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு தமிழ்க் குமாஸ்தா வந்திருந்தார். நல்லையாவின் பெயரை மாணிக்கவாசகம்தான் சொன்னார். கைகள் எழும்பப் போகிற நேரத்தில் மாட்டுவண்டி ஓட்டும் பொன்னுதுரை எழுந்து நின்றான். அதிகம் பேசாதவன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"நல்லையாண்ணே நல்லவருதான். அதுல பேச்சில்ல. ஆனா இந்த வேலையில என்னென்ன செய்யணும்? அத மொதல்ல சொல்லுங்கய்யா. அங்கேருந்து வாங்கி நமக்குக் குடுக்கறதா, இல்ல நம்மகிட்டேருந்து வாங்கி அங்க குடுக்கறதா?"

குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் மாணிக்கவாசகம் முந்திக்கொண்டார்.

"பொண்ணு பாக்கப் போன வீட்டுல, பொண்ணு எதுக்குன்னு கேட்ட ஆளுதானய்யா நீ! உக்காரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எத்தனையோ நாளாகச் சிரிக்காத கூட்டம், கிடைத்த சாக்கில் வயிறு குலுங்கச் சிரித்தது. பின்னால் நின்ற பொன்னுதுரையின் மனைவி ருக்மணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னுதுரை உட்கார்ந்துவிட்டான். குமாஸ்தாவும் திறந்த வாயை மூடிக்கொண்டார். கைகளெல்லாம் எழுந்தன. முதலில் எழுந்தது மாணிக்கவாசகத்தின் கைதான்.

நல்லையா குமிச்சோ ஆனார். கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டார். முதல் மாதம் அரிசியில் நிஜமாகவே கொசுறு விழுந்தது. தன் வீட்டுப் பங்கிலிருந்து எடுத்துத்தான் போட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. கோகிலா சோறு சாப்பிட்டாள். மாணிக்கவாசகம் மீசையை முறுக்கிக்கொண்டு, "யாரு கண்டுபிடிச்ச ஆளு?" என்று வாசல்தோறும் கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் மாதம் வேறு உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், தெருவுக்கு இத்தனை ஆள் வேண்டும், யாரை அனுப்புவது என்பதைக் குமிச்சோதான் முடிவு செய்ய வேண்டும். கூலி உண்டு, சாப்பாடு உண்டு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்கள். நம்பியவர்களும் இருந்தார்கள். ஒரு வாரத்தில் அந்தத் தெருவிலிருந்து நான்கு பேர் லாரியில் ஏற்றப்பட்டார்கள். நான்காவது ஆள் பொன்னுதுரை. அவன் வண்டி மாடுகள் அன்று முழுக்க அவிழ்க்க ஆளில்லாமல் நுகத்தடியிலேயே நின்றன. சாயங்காலம் மாணிக்கவாசகம் போய் அவிழ்த்துவிட்டார். ருக்மணி கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை.

மறுநாள் பால் ஊற்றப் போனபோது நல்லையாவின் கடை பாதிதான் திறந்திருந்தது. உள்ளே மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நல்லையா, மாணிக்கவாசகத்தைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாணிக்கம், ஒனக்கு மட்டும் சொல்றேன். அவங்க கேட்டது மூணு பேருதான்."

மாணிக்கவாசகத்துக்கு விளங்கவில்லை. "நாலு பேரு போனாங்களேண்ணே?"

"ஒருத்தன நானாதான் சேத்துக் குடுத்தேன். கூட ஒண்ணு குடுத்தா மனசு குளுந்து, அடுத்த தடவ நம்ம தெருவ விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். அப்படித்தானே யாவாரம்? பொன்னுதுரை நல்ல ஒடம்பு, புள்ள குட்டி இல்ல, எதுத்துப் பேச மாட்டான். அந்த ஜப்பான் அதிகாரி சிரிச்சு, முதுகுல தட்டிக்குடுத்தான் மாணிக்கம். அடுத்த மாசமும் நாலு பேரு வேணும்னு சொல்லிட்டான்."

மாணிக்கவாசகம் வாளியைக் கீழே வைத்தார். திட்ட வேண்டும் போலிருந்தது. என்ன சொல்லித் திட்டுவது? இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர் என்று தெருவெல்லாம் பாராட்டிப் பேசியது யார்? நம்மிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவருக்குத் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் மட்டும் அது எப்படித் தெரியும்? இவ்வளவு சுலபமான கணக்கு, ஒரு பிடி அரிசிக்கு முன்னால் தன் மண்டையில் ஏறவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குமாஸ்தாவின் திறந்த வாய் கண்ணுக்குள்ளேயே நின்றது. அன்று தான் பேசாமல் இருந்திருந்தால் அந்த ஆள் சொல்லியிருப்பார். கேள்வி கேட்டவனே லாரி ஏறிப் போய்விட்டான்.

நல்லையா படுக்கையில் விழுந்தார். வியாதி பாதி, பயம் பாதி. வேறு குமிச்சோ வேண்டும் என்று கோவில் முன்னால் மறுபடி கூட்டினார்கள். அதே குமாஸ்தா. இந்தத் தடவை யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லோரும் மாணிக்கவாசகத்தையே பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

"ஐயா, இந்த வேலையில என்னென்ன செய்யணும்? மொதல்ல அதச் சொல்லுங்க."

குமாஸ்தா ஒவ்வொன்றாகச் சொன்னார். அரிசி வாங்கிப் பிரிப்பது, ராக்காவலுக்கு ஆள் போடுவது, புதிதாக யார் வந்து தங்கினாலும் போய்ச் சொல்வது, கேட்கும்போது ஆள் கொடுப்பது. கொடுக்க முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று போய் நின்று வாதாடலாம், அடி வாங்கவும் நேரலாம் என்றும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "அப்ப தேவதாசுதான் சரி. அவரு கையிலேருந்து எதுவும் லேசுல போகாது" என்றார். தேவதாஸ் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துப் பார்த்தார். விடவில்லை. அடுத்த மாதம் நான்கு பேர் கேட்டதற்கு, இவனுக்குக் காய்ச்சல், அவனுக்குக் கால் புண் என்று மூன்று நாள் அலுவலக வாசலில் நின்று, கன்னத்தில் அறையும் வாங்கிக்கொண்டு, ஒரே ஒருவனைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் அன்று கூட்டம் கலைந்தபோது எல்லோரும் மாணிக்கவாசகத்தின் தோளைத்தான் தட்டினார்கள். "நல்ல கேள்வி கேட்டேப்பா. ஒனக்குத்தான் தோணுச்சு." அது என் கேள்வி இல்லை, பொன்னுதுரை கேட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் திறக்கவில்லை. பெண்கள் வரிசையில் ருக்மணி நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை. குனிந்தது அவர்தான்.

மறுநாள் காலை எல்லா வாசலும் முடிந்து கடைசியாக அவள் வாசலுக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனார். பாத்திரத்தோடு அவள் வந்து நின்றாள். குனிந்து அளந்து ஊற்றினார்.

"நேத்து நல்லாக் கேட்டீங்கண்ணே," என்றாள் ருக்மணி. குரலில் கோபமே இல்லை. "அவரு கேட்டப்ப யாரும் பதில் சொல்லல."

"தங்கச்சி, நான் வந்து..."

அதற்குமேல் ஓடவில்லை. கை மட்டும் பழக்கத்தில் வாளியைச் சாய்த்தது, கொசுறுக்கு. அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே சாய்த்தது. ருக்மணி பாத்திரத்தின் வாயை உள்ளங்கையால் மூடினாள். பால் அவள் விரல்மேல் வழிந்து மண்ணில் விழுந்தது.

"வேணாம்ணே. கொசுறு எங்க வீட்டுலேருந்து போயிடுச்சு."

நல்லையா அவளிடமும் சொல்லி அழுதிருக்கிறார்.

சண்டை முடிந்து, முதல் லாரியில் போன நான்கு பேரில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். பொன்னுதுரை திரும்பவில்லை. மாணிக்கவாசகம் மறுபடி மாடுகள் வாங்கினார், தள்ளியிருந்த கிளேபாங் வரைக்கும் போய்ப் பால் ஊற்றினார், பேரன் பேத்தி பார்த்தார். அந்தக் காலைக்குப் பிறகு குவளைக்குமேல் ஒரு சொட்டுக்கூட அவர் யாருக்கும் ஊற்றியதில்லை. புதிதாகக் குடிவந்த பெண்கள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே நின்று பார்த்துவிட்டு, சரியான கஞ்சன் என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார்.