இரண்டாவது அளவு

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. போன செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், மணி இரண்டு பத்திலிருந்து இரண்டு இருபத்தைந்துக்குள். டாக்டரிடம் என் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டேன். வேலையையும் விட்டுவிட்டேன். சொல்ல வேண்டிய ஒருவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன லேபில் இருந்தேன். ஆபரேஷனில் எடுத்த சதை, கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில் எங்களிடம் வரும். குழந்தைகளின் தொண்டையிலிருந்து எடுத்த டான்சில் என்றால் எங்கள் லேப் டாக்டர் ஒரு விதி வைத்திருந்தார். இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவென்றால் அதை எழுதினால் போதும். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் புற்றுநோயாக இருக்கலாம்; அதை வெட்டி ஸ்லைடு போட்டு, அவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

நான் ஒன்றை மட்டும் அளப்பேன். மற்றதற்கு 'அதே அளவு' என்று எழுதிவிடுவேன். ஆறு வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு தப்பும் வந்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் கமலம் என்ற ஓர் அம்மா பாட்டிலைத் தானே எடுத்து வந்தார். பீங்கான் பொம்மை செய்யும் இடத்தில் வேலை. நேராக அங்கிருந்து வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை மண். மகளுக்கு எட்டு வயது என்றார்.

"இதுல ஒண்ணு பெருசா இருக்குதுங்க. கொஞ்சம் நல்லாப் பாருங்க."

"பாட்டிலுக்குள்ள அப்படித்தான் தெரியும். ஒண்ணும் இருக்காது, போயிட்டு வாங்க."

எனக்கு ஐந்தரைக்கு பஸ். பாட்டிலிலிருந்து ஒன்றைத்தான் வெளியே எடுத்தேன். நான் எழுதியதை நம்பி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பாட்டில்களை மூன்று மாதம் வைத்திருப்போம். பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் பழையவற்றைக் காலி செய்வோம். அந்தப் புதன்கிழமையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் சாருலதா டிஃபன் டப்பாவோடு மாடிக்குக் கிளம்பினாள்.

"சாப்புட்டு வரேன்க்கா. பாட்டிலுங்க எழுந்து ஓடிடாது. நீங்க ஓடாம இருந்தா சரி."

ஃபேன் இல்லை. ஃபிரிட்ஜின் உறுமல் இல்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மணி 2.10. பாட்டில் எண் 614. மூடியைத் திறந்து வடிகட்டியில் கவிழ்த்தேன்.

ஒன்று நெல்லிக்காய் அளவு. மற்றது எலுமிச்சம்பழ அளவு.

கை அப்படியே நின்றுவிட்டது.

பின்னால் மூச்சுச் சத்தம். மூக்கடைத்தவர்கள் வாயால் விடும் மூச்சு. கர்ர்... கர்ர்... சாரு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சதையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கம் கையை நீட்டினேன்.

"ஸ்கேல எடு, சாரு."

உள்ளங்கையில் வைக்கப்பட்டது. சில்லென்று இருந்தது.

சின்னது, 2.4 சென்டிமீட்டர்.

பெரியது... 4.1.

கர்ர்... கர்ர்... மூச்சு இப்போது என் இடுப்பு உயரத்தில் கேட்டது.

சாரு என்னைவிட உயரம்.

"ரெண்டையும் எழுதுங்கக்கா."

பக்கத்திலிருந்த பதிவேட்டில் எழுதினேன்.

திரும்பவில்லை.

மூச்சு நின்றது.

மணி 2.25.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். சாரு உள்ளே வந்தாள். "யாருக்கா அது? சின்னப் புள்ள குரல் கேட்டுதே?"

எங்கள் இரும்பு ஸ்கேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்தது பச்சை பிளாஸ்டிக் ஸ்கேல். எண்களுக்கு நடுவே ஈரமண் அப்பியிருந்தது. பின்பக்கம் பேனாவால் கீறிய பெயர்: தமிழினி, மூணாவது ஆ.

பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். 614. தமிழினி. வயது 8. அம்மா பெயர் கமலம். 'இரண்டும் ஒரே அளவு.' என் கையெழுத்து.

அன்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். கமலம்தான் எடுத்தார். லேபிலிருந்து பேசுகிறேன், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.



"பாப்பா போயி பதினோரு நாளாச்சுங்க."

 அவரே மேலே சொன்னார்.

"கழுத்துல கட்டி வந்துச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் உங்க காயிதத்தத்தான் காட்டுனோம். ஒண்ணுமில்லன்னு போட்டிருந்துச்சுல்ல, அதான் நெறி கட்டிருக்கும்னு சும்மா இருந்துட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனப்ப முத்திப் போச்சுன்னுட்டாங்க." மூக்கை உறிஞ்சினார். "நீங்களாவது போன் போட்டு விசாரிச்சீங்களே. நல்லா இருங்கம்மா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"பாப்பாகிட்ட பச்சை ஸ்கேல் ஒண்ணு இருந்துச்சா?"

"ஆமாங்க. கடைசியில எந்நேரமும் அத வச்சிக்கிட்டு கட்டிய அளந்துக்கிட்டே கெடந்தா. இன்னிக்கு இவ்ளோம்மா, இன்னிக்கு இவ்ளோம்மான்னு. கையிலேருந்து எடுக்க மனசு வரல. அப்படியே வச்சுப் பொதச்சிட்டோம்..."



"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.