அப்பா அறுத்த ஏரியல்

என் காருக்குப் புதிதாகப் போட்ட ஆன்டெனா என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பழையது நன்றாகத்தான் இருந்தது. திருவானைக்காவலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் ஒரு பீம் தாழ்வாக இறங்கியிருக்கிறது. தினமும் அதில் உரசி உரசி, போன வாரம் ஒருவழியாக முறிந்து விழுந்தது. நான் குனிந்தால் கார் குனியாது என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டுதான் அந்த இடத்தைக் கடப்பேன்.

கார் சாமான் கடையில் பழைய நீளத்திலேயே வேண்டும் என்று கேட்டேன். "அது இப்ப வர்றதில்லைங்க மேடம். எல்லாரும் இதத்தான் போடுறாங்க. கேக்குறதுல ஒரு வித்தியாசமும் இருக்காது" என்றார் கடைக்காரர். கடை வாசலில் நன்றாகத்தான் பாடியது. கடை வாசலில் எதுதான் பாடாது, சொல்லுங்கள்.

மறுநாள் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை. ரேடியோவைப் போட்டால் அப்பளம் பொரிகிற சத்தம். நடுவில் யாரோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடியும் எண்ணெய்க்குள் முங்கிப்போனார். நான் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினேன், கடைக்காரரைத் திட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மா, "கம்பிய வெட்டிட்டியா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு வெயிலில் சூடேறிய ரெக்சின் சீட்டின் வாசனை வந்துவிட்டது.

அது அப்பாவின் அம்பாசிடர் வாசனை. பெரிய கடைவீதியில் அவருக்கு இரும்புக்கடை. ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டு ரேடியோ பெரியப்பாவுடையது. செய்தி முடிந்ததும் அதற்குத் துணி உறை மாட்டிவிடுவார், வேறு யாரும் தொடக்கூடாது. கார் ரேடியோவை அப்படி யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து அம்மா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் காரில் போய் உட்கார்ந்துவிடுவாள். பின்னாலேயே நானும் போவேன். வேகாத வெயிலில் நிற்கிற காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் எங்களைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அம்மா கண்டுகொள்ளவில்லை.

ஏரியலை முழுக்க இழுத்துவிட்டால் இலங்கை வானொலி அடுத்த வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். அம்மாவுக்குப் பாட்டைவிட, அதற்கு முன்னால் வாசிக்கும், கடிதம் போட்டு அந்தப் பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்கள்தான் முக்கியம். இன்ன ஊரிலிருந்து இன்னார், இன்னார் என்று வரிசையாக வாசிப்பார்கள். அம்மா பாட்டை விட்டுவிட்டு அந்தப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

அம்மாவின் பெயர் ரெங்கநாயகி. ஸ்ரீரங்கத்தில் அந்தப் பெயருக்கா பஞ்சம்? கோயில் தாயாரின் பெயர். மாவு மில் போர்டிலும் பாத்திரக்கடை போர்டிலும் அதுதான் இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு அவள் "இந்தா". பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் "சின்னவ". தெருவுக்கு "பாப்பா அம்மா". பாப்பா நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு மதியம் என் ஜாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு, இலங்கைக்குக் கடிதம் எழுதினாள். "என் பேரு ரேடியோல வரப்போகுதுடி. அப்பாட்ட சொல்லிறாத" என்றாள். என்ன பாட்டு கேட்டிருக்கிறாய் என்றால், "வரும்போது கேளு" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு மதியமும் நாங்கள் தவறவிடவில்லை.

ஏரியல் துருப்பிடித்து உள்ளே இறங்காமல் சிக்கிக்கொண்டது அப்போதுதான். இரவில் காரை நிறுத்தும் கொட்டகையின் தகரக் கூரையில் அது கிரீச்சென்று உரசும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் போதும். இரும்பு வியாபாரி கையில் ரம்பம் இருக்கும்போது எண்ணெய் எதற்கு? ஒரு காலையில் சாண் அளவு மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்துப் போட்டார். "கம்பிதானே, நீளமா இருந்தா என்ன, குட்டையா இருந்தா என்ன?" கடையில் யாராவது அவரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பார்.

அன்று மதியம் அதே அப்பளச் சத்தம். அம்மா நுனியில் ஈரத்துணியைச் சுற்றிப் பார்த்தாள், என்னை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். நானும் வெயிலில் நின்றேன். எதுவும் தேறவில்லை. அப்பாவிடம் வேறு கம்பி போடச் சொல்லவும் முடியாது, எதற்கு என்று கேட்பார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. தெரிந்து செய்திருந்தால் அவரை நன்றாகத் திட்டித் தீர்க்கலாம். தெரியாமல் செய்த மனுஷனை என்ன சொல்வது?

கொஞ்ச நாளில் அப்பாவின் தங்கை, மணப்பாறை அத்தை, முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். "அண்ணி, ரேடியோல ரெங்கநாயகின்னு உங்க பேரு சொன்னாங்க!"

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "ஸ்ரீரங்கம்னு சொன்னாங்களா? என்ன பாட்டு போட்டாங்க?"

"அத எங்க கேட்டேன்? பால் பொங்கிருச்சு, அடுப்படிக்கு ஓடிட்டேன்."

பால் பொங்க வேறு நேரமே கிடைக்கவில்லை. அது அம்மாதானா, வேறு ஊர் ரெங்கநாயகியா என்பது கடைசிவரை தெரியவில்லை. அம்மா முறுக்கை டப்பாவில் கொட்டி மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அம்பாசிடர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கொட்டகை இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. அப்பா இல்லை, பெரியப்பா இல்லை, மதியத்தில் ஊர் ஊராகப் பெயர் வாசித்த அந்தக் குரல்களும் இல்லை. கண் டாக்டர் வீட்டில் அம்மாவை டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

பாலத்தில் வண்டிகள் இன்னும் நகரவில்லை. எரிச்சலில் ரேடியோவை அணைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காலத்துக் குரலை வரவழைத்து, "திருச்சி ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கநாயகி விரும்பிக் கேட்ட பாடல்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"பேரச் சொல்லிட்ட. பாட்டு எங்க?"

"என்ன பாட்டும்மா கேட்டிருந்த?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். வண்டிகள் நகர்ந்தன. பாலம் முடியும்வரை யோசித்தாள்.

"மறந்துபோச்சுடி" என்றாள்.