பேர் தெரியாத பெரியவர்களுக்கு

அருப்புக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சவுதியில் ஓட்டிய காலத்து இங்கிலீஷ் கொஞ்சம் கைவசம் இருப்பதால் வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சில வருடங்களுக்கு முன்பு மதுரை ஏர்போர்ட்டில் ஏற்றிவந்த அந்த அம்மாவும் அப்படிப் பழக்கமானவர்தான். கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் என்கிற தீவில் நர்ஸாக இருந்து ரிட்டயரானவர். கறுத்த மேனி, சுருட்டை முடி, நல்ல உயரம்.

அவருடைய அம்மாவழிக் கொள்ளுப்பாட்டி ஒருவர் திருச்சுழியிலிருந்து கப்பலேறிப் போனவராம். ஊர்ப்பேர் மட்டும் வாய்வழியாக மிஞ்சியிருந்தது. அந்த ஊர் ஆற்றங்கரையில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்று வந்திருந்தார்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி அவர். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம மண்ணுல பெறந்த பொம்பளயோட வாரிசுப்பா அது! வீட்டுக்குக் கூட்டியா."

நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். அந்த அம்மா கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துப் பெரியம்மாவுக்குப் பூரிப்பு. "பொம்பள தனியா எள்ளுத்தண்ணி விட்டா அய்யரு யோசிப்பாரு. காலையில நானே வந்து கூட நிக்கிறேன்னு சொல்லு" என்றார் பெரியப்பா. நான் சொன்னதும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது.

சந்தோஷத்தில் போனை எடுத்துத் தன் அப்பாவின் படத்தைக் காட்டினார்.

"அவுக நம்ம ஆளுக மாதிரி இல்லையே?" என்றார் பெரியப்பா.

அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அப்பாவின் முன்னோரை ஆப்பிரிக்கக் கரையில் பிடித்து, சங்கிலி போட்டுக் கப்பலின் அடித்தட்டில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். வழியில் செத்தவர்களைக் கடலில் எறிந்துவிட்டு, மிச்சப் பேரைச் சந்தையில் விற்றார்கள். வாங்கியவன் தன் இஷ்டத்துக்குப் பேர் வைத்தான். அடிமைமுறை ஒழிந்த பிறகு, கொடுக்கிற சொற்பக் கூலிக்குக் கரும்பு வெட்ட மாட்டோம் என்று அவர்கள் விலகியதும், நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள்.

"எங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் என்று அப்பா பக்கத்தாருக்குக் கோபம். அடிமைகள்தானே என்று அம்மா பக்கத்தாருக்கு இளக்காரம். முதலாளிக்கு அது வசதியாகப் போயிற்று" என்றார். பிறகு, "நாளைக்கு இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் விடப்போகிறேன்" என்றார்.

பெரியப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். நாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்ம பொம்பளைக்கு விடட்டும். மத்த ஆளுகளுக்கு நான் எப்படிப்பா வந்து நிக்கிறது? ஊர்ல என்ன பேசுவாக?"

"அவுகளும் செத்துப்போனவுகதான பெரியப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை திருச்சுழி குண்டாற்றங்கரையில் காத்திருந்தோம். ஆற்றில் மணல்தான் கிடந்தது. பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் வைத்திருந்தார் அய்யர். ஷேர் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மா ரோட்டைப் பார்த்தார். பெரியப்பா போனை எடுக்கவில்லை.

"வர மாட்டார், இல்லையா?" என்று அந்த அம்மாவே கேட்டார். நான் மறுபடி போன் போட்டுப் பார்த்தேன். "என் அம்மா கல்யாணத்துக்கும் அவள் வீட்டார் யாரும் வரவில்லை" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் அப்பா உயிரோடு இருப்பதால் நான் தண்ணீர் விடக் கூடாது. விஷயத்தைக் கேட்ட அய்யர், "நீங்களே விடுங்கம்மா" என்றார். அம்மாவழிப் பேர்கள் முடிந்தன. அப்பாவழிக்கு ஒரு பிரெஞ்சுப் பேரைச் சொன்ன அந்த அம்மா, சட்டென்று கையை ஆட்டி மறுத்தார்.

"இது விலைக்கு வாங்கியவன் வைத்த பேர். வேண்டாம்."

"அவரோட சொந்தப் பேரு?" என்று என்னிடம் கேட்டார் அய்யர்.

"தெரியாதாம் சாமி."

"ஊரு?"

"அதுவும் தெரியாதாம்."

அய்யர் எள்ளை எடுத்து அந்த அம்மா கையில் வைத்தார். "சரி. பேர் தெரியாத பெரியவங்களுக்குன்னே சொல்றேன். தண்ணி விடச் சொல்லுங்க."

அந்த அம்மா விட்டார். கடலில் எறியப்பட்டவர்களுக்கும் என்று சொல்லி மறுபடி கை நீட்டினார். அய்யர் முகம் சுளிக்காமல் ஊற்றினார். ஈர மணலில் முழங்கால் போட்டு அந்த அம்மா அழுதபோது, பக்கத்தில் நிற்க உறவென்று யாருமில்லை.

பிறகு ஒரு காதுகுத்து வீட்டில் பெரியப்பா என்னைப் பந்தியிலிருந்து தள்ளிக் கூட்டிப்போனார். "அந்தப் பொண்ணு மறுபடி வருமா? வந்தா சொல்லுப்பா. நான் அன்னைக்கு வந்து நின்னுருக்கணும். மனசு கேக்க மாட்டேங்குது."

அதை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பினேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும் வருவதாகவும், அவர் வீட்டில் மறுபடி சாப்பிட வேண்டும் என்றும் பதில் வந்தது. அதற்குள் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் சொன்னதை நான் சொல்லிவிட்டேன்தான். ஆனால் அது அவர் வாயால், அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.