பலகையில் இருப்பவளுக்கு வகுப்பில் இடமில்லை

இன்று வடலூரிலிருந்து நெய்வேலிக்குப் பேருந்தில் வந்தேன். பக்கத்து இருக்கையில், முழங்காலில் கட்டுப்போட்ட ஒரு மாணவி. விளையாட்டுக்குப் பேர்போன தனியார் பல்கலைக்கழகமொன்றின் விளம்பரப் பலகையில் நான் நாள்தோறும் காணும் முகம்.

“பலகையில் இருப்பது நீதானே அம்மா?”

“ஆமாங்கய்யா. கபடி கோட்டால பி.காம் படிச்சிகினு இருந்தேன். முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சி. ஆடலன்னா சீட்டு இல்லன்னுட்டாங்க. வூட்டுக்குப் போறேன். படம் மட்டும் அங்கியே இருக்குமாம்.”

“எல்லா இனத்தவரும் எல்லா நிலையினரும் பயிலும் இடம் என்றல்லவா அந்தப் பலகை பறைசாற்றுகிறது!”

அவள் சிரித்தாள்.

“மணிப்பூர் பொண்ணு, ஆப்பிரிக்காப் பையன், நானு, எல்லாம் டீம்லதாங்க இருக்கோம். டீம எடுத்துட்டா வகுப்பு பூரா கார்ல வர்றவங்கதான். எங்கப்பா நெய்வேலி மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு கூலி. நானும் காலேஜில காண்ட்ராக்ட்டுதான். அவங்க பர்மனெண்ட்டு.”

எழுதிய தேர்வுகள் அனைத்திலும் தேறியிருக்கிறாள். அதை எவரும் கேட்கவே இல்லையாம்.

ஏழை வீட்டுப் பிள்ளை படிப்பதற்கு முழங்காலே தகுதி என்றால், பணம் கட்டிச் சேர்ந்தவர்களின் முழங்கால்களையும் சோதிப்பதுதானே முறை? தோழர்களே, சோதிக்க என்னோடு யார் யார் வருகிறீர்கள்?