கூட வந்தவங்க யாரு?

அம்மாவுக்கு கேன்சர் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நான் மட்டும். கேன்சர் நோயாளிகளின் வீட்டாருக்கான ஆன்லைன் குழு ஒன்றில் பெயருக்குச் சேர்ந்திருந்தேன். அதில் "தனியா இருக்கேன்" என்று போட்டேன். உடனே கூடுவாஞ்சேரி அக்கா ஒருவர் வீடியோ காலில் வந்தார்.

"பேச வேணாம்மா. போனை அப்படியே வெச்சுக்கோ. நாங்க இருக்கோம்."

மெல்ல ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஒருவர் மீன் ஆய்ந்தார், ஒருவர் துணி மடித்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. இதெல்லாம் எதுக்கு என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

மதியம் கதவு திறந்தது. "ஜெயந்தி கூட வந்தவங்க யாரு?" என்றார் நர்ஸ்.

எழுந்தேன். கையிலிருந்த போனைப் பார்த்தேன். உள்ளே அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

அம்மா தேறிவிட்டார். போன வாரம் தாம்பரம் ரயிலில், போனில் குழுவின் வீடியோ காலுக்குள், வேறு யாருடைய அம்மாவுக்கோ "கூட வந்தவங்க யாரு?" என்ற குரல் வந்தது. கிடைத்த சீட்டை விட்டுவிட்டு நானும் எழுந்து நின்றேன்.