பிடித்த பிறகு

என் தொழில்முறை பேஸ்போல் வாழ்க்கை ஒரு ஞாயிறு பின்னேரம் தொடங்க இருந்தது. அன்றைக்கே முடிந்தும் போனது.

அப்போது நான் இத்தாலியின் தெற்கே, சீசா என்ற நகர்ப்பகுதியில், நாலாம் மாடி வீடொன்றில், நடக்கமாட்டாத ஒரு கிழவரைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தேன். குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது, மருந்து கொடுப்பது எல்லாம் என் வேலை. நல்ல மனிதர்தான், ஆனால் கள்ளர் பயம். கதவை உள்ளிருந்து இரண்டு தரம் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைக்க வேண்டும். அது தலையணைக்குக் கீழே போய்விடும். என்னை நானே பூட்டி, சாவியையும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். பல்கனியில் உடுப்புக் காயப்போடும்போது கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிறு மதியம் அவருடைய மகள் வந்தால்தான் எனக்கு வெளிக்காற்று. அந்த நேரத்தில் நம்மாட்களோடு கிரிக்கெட் விளையாடப் போவேன். பக்கத்து மைதானத்தில் பேஸ்போல் பழக்கிக்கொண்டிருந்த இத்தாலியர் ஒருவர், உயரப்போன பந்தை நான் வெறுங்கையால் பிடிப்பதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அப்படியே இரண்டு வருடம் அவருடைய குழுவில் வலது வெளிக்களத்தில் நின்றேன். சம்பளம் கிடையாது.

பிறகு ஒருநாள், வடக்கே சம்பளம் கொடுக்கும் ஒரு கழகத்திலிருந்து என்னைப் பார்க்க ஆள் வருவதாகப் பயிற்சியாளர் சொன்னார். எடுபட்டால் வேலை ஒப்பந்தம் தருவார்கள், பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு, பிரச்சினை வராது, தங்க அறையும் உண்டு என்றார். அறைச் சாவியை யார் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

வந்தவர் வெயில் தொப்பியோடு வேலி ஓரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் கூட்டாளி, யாழ்ப்பாணத்தான், எனக்காக வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கடைசி இன்னிங்ஸ், சம ஓட்டங்கள், எதிரணி அடிக்கிறது. ஒருவன் அவுட், மூன்றாம் தளத்தில் ஒருவன் ஓடக் காத்து நிற்கிறான்.

பந்து என் தலைக்கு மேலால் போனது. திரும்பி ஓடினேன். முதுகுப் பக்கமாக வந்த பந்தைப் பாய்ந்து பிடித்தேன். அப்படி ஒரு பிடியை என் வாழ்நாளில் பிடித்ததில்லை. எழும்பினேன், பந்தை வானத்துக்கு எறிந்தேன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன்.

கிரிக்கெட்டில் பிடித்தால் அதோடு சரி, எல்லாரும் வந்து கட்டிப்பிடிப்பார்கள். பேஸ்போலில் பிடித்த பிறகும் ஆட்டம் நிற்காது. மூன்றாம் தளத்தில் நிற்பவன் அந்தக் கணமே ஓடி வந்து ஓட்டம் எடுக்கலாம். அவன் வந்து சேருமுன் பந்தை எறிந்துவிட வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடமும் ஒருதரம்கூடத் தவறவிடவில்லை. ஆனால் அன்றைக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. சந்தோஷம் வந்தால் உடம்பு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுகிறது.

“எறியடா! அவன் ஓடுறான்! எறியடா!” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கூட்டாளி கத்தினான். பந்து அப்போது புல்லில் கிடந்தது. ஓடியவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆட்டம் முடிந்தது, நாங்கள் தோற்றோம்.

வடக்கிலிருந்து வந்தவர் கை கொடுத்தார். “நல்ல பிடி,” என்று இத்தாலியனில் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தன் காரை நோக்கி நடந்தார்.

“விடு மச்சான், அடுத்த வருசமும் வருவினம் தானே,” என்றான் கூட்டாளி.

“அடுத்த வருசம் எனக்கு முப்பத்தஞ்சு. பேசாமல் வா,” என்றேன். பாவம், அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

ஏழு மணிக்கு மகள் கதவைத் திறந்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கிழவர் தூங்காமல் எனக்காகக் காத்திருந்தார். விளையாட்டு நாள் என்று அவருக்குத் தெரியும், எதற்கான விளையாட்டென்று நான் சொல்லவில்லை.

“பந்து பிடித்தாயா?” என்று கேட்டார்.

“ஓம்,” என்று தமிழிலேயே வாய் சொல்லிவிட்டது. பிறகு “ஸீ” என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெலிந்த இரண்டு கையாலும் தட்டினார். தட்டி முடித்து, கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினார். போய் இரண்டு தரம் பூட்டினேன். சாவியைக் கொண்டுவந்தபோது அவர் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார்.